நீருக்குள் ஓடும் அலைகளின் ஆற்றல் எங்கே போகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கப்பல்களைப் பிடித்து நிறுத்தும் ‘செத்த நீர்’ பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். 1893-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆய்வுப்பயணி நான்சன் ‘ஃப்ராம்’ கப்பலில் சைபீரியக் கரையை ஒட்டிச் சென்றபோது, மேலே மெல்லிய நன்னீர் அடுக்கும் கீழே உவர்நீருமாக இருந்த ஒரு பகுதியில், எந்திரம் முழு மூச்சாக ஓடியும் கப்பல் ஊர்ந்துதான் சென்றது. கப்பலின் ஆற்றல் இரண்டு நீர் அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அலைகளை (உள்ளலைகளை) எழுப்புவதில் செலவாகிவிட்டது என்பதை ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1904-இல் வெளியிட்ட ஆய்வில் சோதனைத் தொட்டிகளின் துணையோடு நிறுவினார். அந்த வரிகளைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பல திசைகளில் சென்றாலும், சுற்றிச் சுற்றி ஒன்றையே தொடுகின்றன: அலைக்குக் கொடுத்த ஆற்றல் பிறகு என்ன ஆயிற்று? ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கண்ணாடிப் புட்டியில் பாதி நீரும் பாதி மண்ணெண்ணெயும் ஊற்றி மெல்லச் சாய்த்து நிமிர்த்தினேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உயரமான அலை மெதுவாக ஆடுகிறது. மேல்மட்டமோ ஏறக்குறைய அசையவே இல்லை. இத்தனை உயரமான அலை என்றால் அதில் ஆற்றலும் மிகுதியாக இருக்க வேண்டும் அல்லவா?

பதில்: நீங்கள் கண்ட காட்சியை 1762-இல் பெஞ்சமின் ஃபிராங்ளின் கப்பல் அறையில் தொங்கிய விளக்கில் கண்டு வியந்து எழுதியிருக்கிறார், விளக்கில் நீரின் மேல் எண்ணெய் மிதந்தது, எண்ணெயின் மேற்பரப்பு அமைதியாக இருக்க, அடியில் இருந்த நீர் பெரிதாக அலைந்தது.

உயரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் ஊகம் சரியாகத்தான் தோன்றும். ஆனால் காற்றுக்குள் நீரை ஒரு முகடாக உயர்த்தும்போது அந்த நீரின் முழு எடையையும் தூக்க வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய்க்குள் உயர்த்தும்போது, நீர் ஏறிய இடத்தில் இருந்த மண்ணெண்ணெய் நீர் இறங்கிய இடத்திற்கு வந்து சேர்கிறது. எனவே தூக்க வேண்டியது இரண்டின் எடை வேறுபாட்டை மட்டுமே. நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம் என்றும் மண்ணெண்ணெயின் அடர்த்தி 800 என்றும் கொண்டால், அதே உயர அலைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும். மீட்டெடுக்கும் விசையும் அவ்வளவே குறைவதால்தான் அலை அத்தனை மெதுவாக ஆடுகிறது.

கடலில் இந்த வேறுபாடு இன்னும் மிகச் சிறியது. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் அடர்த்தியில் கன மீட்டருக்கு 2 கிலோகிராம் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குரிய அலை ஆற்றல் என்பது அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு முடுக்கம், வீச்சின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனில் பாதி. வீச்சு 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 980 ஜூல் வருகிறது. மேற்பரப்பு அலைக்கும் இதே சூத்திரம்தான், வேறுபாட்டுக்குப் பதிலாக நீரின் முழு அடர்த்தியை இட வேண்டும். அப்படி இட்டால், அதே 980 ஜூலுக்குக் கிடைக்கும் மேற்பரப்பு அலையின் வீச்சு 44 சென்டிமீட்டர். கடலுக்கு அடியில் பத்து மீட்டர் ஏறி இறங்கும் ஒரு மலையும், மேலே முழங்காலைத் தொடும் ஓர் அலையும் ஆற்றலில் ஒன்றுதான்.

வேகத்திலும் இதே நிலை. மேல் அடுக்கு 50 மீட்டர் தடிப்பும் கீழே மிக ஆழமான நீரும் இருந்தால், அவற்றின் இடைமுகத்தில் நீண்ட அலை நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் செல்லும். 3,000 மீட்டர் ஆழக் கடலின் மேற்பரப்பில் செல்லும் நீண்ட அலையின் வேகமோ நொடிக்கு 170 மீட்டருக்கு மேல். செத்த நீரில் மாட்டிய கப்பலின் கதையும் இதில் அடங்கியிருக்கிறது. இடைமுக அலையின் வேகத்தைவிட மெதுவாகச் செல்லும் கப்பல் தன் ஆற்றலை அலைகளுக்கு வாரிக் கொடுத்துக்கொண்டே போகிறது. அந்த வேகத்தைத் தெளிவாகத் தாண்டிவிட்டால் இழுவை குறைந்துவிடுகிறது.

கேள்வி: இரண்டு அடுக்குகள் என்றால் புரிகிறது. ஆனால் அடர்த்தி சிறிது சிறிதாக, தொடர்ச்சியாகக் கூடிக்கொண்டே போகும் நீரில் ‘இடைமுகம்’ என்று ஒன்றே இல்லையே. அங்கே நிலை ஆற்றலை எதைக் கொண்டு கணக்கிடுவது? இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் எப்போதும் சமமாக இருக்குமா? (இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கேட்டது)

பதில்: ஒரு சிறு நீர்த்துளியை அதன் இடத்திலிருந்து மேலே தள்ளிவிடுவதாக எண்ணுங்கள். சுற்றிலும் உள்ள நீர் அதைவிட இலேசாக இருப்பதால் அது கீழே இழுக்கப்படும். தன் இடத்தைத் தாண்டி இறங்கும். அங்கே சுற்றியுள்ள நீர் அதைவிடக் கனமாக இருப்பதால் மீண்டும் மேலே தள்ளப்படும். இந்த ஊசலாட்டத்தின் அதிர்வெண்ணுக்கு மிதப்பு அதிர்வெண் என்று பெயர். 1925-இல் வைசாலாவும் 1927-இல் பிரண்டும் வளிமண்டலத்திற்காக இதை வருவித்ததால் பிரண்ட்–வைசாலா அதிர்வெண் என்றும் வழங்குகிறது. ஆழத்தோடு அடர்த்தி விரைவாகக் கூடும் இடத்தில் இது பெரிது: மேற்கடலில் ஓர் ஆட்டத்திற்குப் பத்து இருபது நிமிடங்கள் ஆகலாம், ஆழ்கடலில் ஒன்றரை மணி நேரத்திற்கு மேலும் ஆகும்.

சுருள்வில்லில் செய்வது போலவே இங்கும் நிலை ஆற்றலை எழுதிவிடலாம். ஒரு கிலோகிராம் நீருக்கு, மிதப்புக் கோண அதிர்வெண்ணின் (மிதப்பு அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கியதன்) வர்க்கத்தை இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். ஆட்டக்காலம் 21 நிமிடம் உள்ள நீரில் ஒரு துளி 10 மீட்டர் விலகியிருந்தால், கிலோகிராமுக்கு ஒரு ஜூலில் ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்கு கிடைக்கும். அற்பமான அளவுதான், ஆனால் கடல் முழுவதற்கும் சேர்த்தால் எவ்வளவாகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சமமாக இருக்குமா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு பகுதிகளாக விடை சொல்ல வேண்டும். புவியின் சுழற்சி பொருட்படுத்தத் தேவையற்ற சிறு அலைகளில், ஓர் ஆட்டத்தின் சராசரியை எடுத்தால், இரண்டும் சரிபாதி. சுழற்சி உள்ளே வந்தால் இந்தச் சமன் குலைகிறது. சுழற்சி நீர்த்துளிகளைக் கிடைத்தளத்தில் நீள்வட்டமாகச் சுற்றவைக்கிறது. அப்படிச் சுற்றும் அசைவு எந்த நீரையும் தூக்குவதில்லை, எனவே அதில் நிலை ஆற்றல் இல்லை, இயக்க ஆற்றல் மட்டுமே உண்டு. 30 பாகை அகலாங்கில், 12.42 மணி நேர ஓத அலைக்கு (ஓதம் என்பது நிலவும் சூரியனும் உண்டாக்கும் கடல்மட்ட ஏற்ற இறக்கம்), இயக்க ஆற்றல் நிலை ஆற்றலைப் போல் 1.7 மடங்கு. அலையின் அதிர்வெண் அந்த அகலாங்கின் சுழற்சி அதிர்வெண்ணை (புவிச் சுழற்சியால் மட்டுமே நீர் அங்கே வட்டமிடும் அதிர்வெண்ணை) நெருங்க நெருங்க நிலை ஆற்றலின் பங்கு வற்றிவிடுகிறது. புயற்காற்று கிளப்பிவிடும் அலைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகையால் வெப்பநிலை ஏற்ற இறக்கத்தை மட்டும் அளந்து அலையின் மொத்த ஆற்றலைச் சொல்ல முனைபவர்கள், காற்று எழுப்பும் அலைகளை ஏறக்குறைய முற்றிலும் தவறவிடுவார்கள். இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: உப்பு அடுக்குகள் கொண்ட தொட்டியில் ஓர் உருளையை மேலும் கீழும் அசைக்கும் காணொளியைப் பார்த்தேன். நான்கு கைகள் கொண்ட பெருக்கல் குறி போல அலைகள் விரிகின்றன. ஆனால் உற்றுப் பார்த்தால் கோடுகள் கைகளின் நெடுக ஓடாமல் குறுக்கே நகர்கின்றன. ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது?

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. நீங்கள் பார்த்தது கண்மயக்கம் இல்லை. மவ்ப்ரே, ராரிட்டி ஆகிய இருவரும் 1967-இல் இந்தச் சோதனையின் படங்களை வெளியிட்டார்கள். முகடுகள் கையின் குறுக்கே நகர்கின்றன. ஆற்றல் கையின் நெடுக, உருளையிலிருந்து வெளிநோக்கிப் போகிறது. இரண்டு திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து.

குளத்தில் கல் எறிந்து பழகிய நமக்கு இது ஏற்க முடியாததாகத் தோன்றும். ஆனால் காரணம் மூன்றே படிகளில் வந்துவிடும். முதலாவது, நீர் அமுங்காது. ஆகவே முகடுகள் நகரும் திசையில் நீர் முன்னும் பின்னும் ஓட இயலாது; ஓடினால் சில இடங்களில் நெரிசலும் சில இடங்களில் வெறுமையும் உண்டாகும். நீர் முகட்டுக் கோட்டின் நெடுகவே சறுக்கியாக வேண்டும். இரண்டாவது, அலையில் ஆற்றலைக் கடத்துவது அழுத்தம் செய்யும் வேலை. ஓரலகுப் பரப்பின் வழியே ஓரலகு நேரத்தில் கடக்கும் ஆற்றல் என்பது அலை உண்டாக்கும் அழுத்த மாற்றத்தையும் நீரின் திசைவேகத்தையும் பெருக்கிச் சராசரி கண்டது. மூன்றாவது, திசைவேகம் முகட்டின் நெடுக இருப்பதால் அந்தப் பெருக்கற்பலனும் முகட்டின் நெடுகவே இருக்கும். முடிந்தது. சூத்திரப் பக்கங்களைப் புரட்டிப் பல நாள் தெளியாத எனக்கு, இந்த மூன்று படிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்த மாலையில் எல்லாம் விளங்கியது; நீங்களும் ஒருமுறை கைப்பட எழுதிப் பாருங்கள்.

கைகளின் சாய்வு உருளையின் அளவையோ அசைவின் வீச்சையோ பொறுத்ததன்று. அசைவின் அதிர்வெண் மிதப்பு அதிர்வெண்ணில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே பொறுத்தது. சரிபாதி என்றால் கைகள் செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்திருக்கும். அதிர்வெண்ணைக் குறைத்தால் கைகள் தரையை நோக்கிப் படுக்கும். மிதப்பு அதிர்வெண்ணுக்கு மேல் கூட்டினால் கைகளே தோன்றா, உருளையைச் சுற்றி நீர் கலங்குவதோடு சரி.

சாய்வு அதிர்வெண்ணுக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்பதிலிருந்து ஒரு வியப்பான விளைவு பிறக்கிறது. சரிவான சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவரோடு அல்லாமல் செங்குத்துக் கோட்டோடு அதே கோணத்தைக் காக்கிறது. ஆகவே அகலமாகப் போன கற்றை ஒடுங்கித் திரும்பலாம். அதே ஆற்றல் குறுகிய இடத்தில் நெருக்கிக் கட்டப்படுகிறது. ஒரு பக்கம் சரிவான தொட்டியில் இப்படித் திரும்பத் திரும்ப மோதும் கற்றைகள் எல்லாம் ஒரே மூடிய பாதையில் வந்து குவிவதை மாஸும் உடன் உழைத்தவர்களும் 1997-இல் சோதனையில் காட்டினார்கள்.

இந்தச் செங்குத்து உறவு கடலில் நடைமுறைப் பயனும் தருகிறது. ஒரு நங்கூரமிட்ட கருவித் தொடரின் (பல ஆழங்களில் கருவிகள் கட்டிய கம்பியின்) பதிவில் முகடுகள் நாளாக ஆக மேல்நோக்கி ஏறிச் செல்வது தெரிந்தால், ஆற்றல் கீழ்நோக்கி இறங்குகிறது, அதாவது அலை மேற்பரப்பில் காற்றால் பிறந்தது என்று கொள்ளலாம். முகடுகள் இறங்கினால் ஆற்றல் அடித்தளத்திலிருந்து ஏறி வருகிறது.

கேள்வி: ஆற்றல் அழியாது என்றால், காற்றின் ஊடாகவோ நீரோட்டத்தின் ஊடாகவோ போகும் அலையின் ஆற்றலும் மாறாமல்தானே இருக்க வேண்டும்?

பதில்: அலையும் ஓட்டமும் சேர்ந்த மொத்தம் மாறாது, அலையின் பங்கு மாறும். அலை ஓட்டத்திடமிருந்து வாங்கும், ஓட்டத்திற்குக் கொடுக்கும். மெதுவாக மாறும் ஓட்டத்தில், இழப்பு இல்லாதவரை காக்கப்படுவது ஆற்றல் அன்று. ஓட்டத்தோடு கூடவே நகரும் ஒருவர் அளக்கும் அலை ஆற்றலை, அவர் அளக்கும் அலை அதிர்வெண்ணால் வகுத்துக் கிடைக்கும் அளவு. பிரெதர்டனும் காரட்டும் 1968-இல் இதைப் பொதுவாக நிறுவினார்கள். அலையின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் ஒன்றாகும் மட்டத்தை நெருங்கும்போது அந்த அதிர்வெண் சுருங்குகிறது, கூடவே அலையின் ஆற்றலும் சுருங்கி ஓட்டத்தில் சேர்ந்துவிடுகிறது.

வளிமண்டலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 கிலோமீட்டருக்கு 2.7 மடங்கு என்ற அளவில் குறைகிறது. அதே ஆற்றலைச் சுமக்க இலேசான காற்று வேகமாக ஆட வேண்டும். மலைமேல் எழும் ஓர் அலை வழியில் எதையும் இழக்காமல் 70 கிலோமீட்டர் ஏறினால், அதன் வீச்சு 150 மடங்கு ஆகிவிடும். நடைமுறையில் அதற்கு முன்பே அது உடைந்து, தான் சுமந்து வந்த உந்தத்தை அங்குள்ள காற்றிடம் ஒப்படைக்கிறது. தரையிலிருந்து 85 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், துருவப் பகுதியில் கோடையானது குளிர்காலத்தைவிடக் குளிர்ந்திருப்பதற்கு இந்த ஒப்படைப்பே காரணம்.

கேள்வி: அலை கடைசியில் ஓய்ந்துவிடுகிறது. பாகுநிலையால் (நீரின் உள் உராய்வால்) வெப்பமாகிவிட்டது என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவு இல்லை, அந்த ஒரு வரி இந்தத் துறையின் பாதியை மறைத்துவிடுகிறது.

முதலில் பாகுநிலை எவ்வளவு செய்யும் என்று பார்ப்போம். நீரின் பாகுநிலையைக் கொண்டு கணக்கிட்டால், 5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள உள்ளலை தன் ஆற்றலை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காக்கிக்கொள்கிறது. எனவே ஆய்வகத் தொட்டிக்குப் பாடநூல் சொல்வது பொருந்தும். 10 மீட்டர் அலைநீளத்திற்கு அதே இழப்புக்கு ஒரு மாதம் வேண்டும். 100 மீட்டர் என்றால் எட்டு ஆண்டுகள். கடலின் பெரிய உள்ளலைகளைப் பாகுநிலை நேரடியாகத் தொடுவதே இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். அவற்றின் ஆற்றல் முதலில் சிறிய அலைகளுக்குக் கைமாற வேண்டும். ஓர் அலை தன் அதிர்வெண்ணில் பாதியளவு கொண்ட இரண்டு அலைகளாகப் பிரிவது இதற்கு ஒரு வழி. அரைநாள் ஓத அலைக்கு இந்த வழி ஏறக்குறைய 29 பாகை அகலாங்குவரைதான் திறந்திருக்கும், ஏனெனில் அதற்கு அப்பால் பாதி அதிர்வெண் சுழற்சி அதிர்வெண்ணுக்குக் கீழே போய்விடுகிறது. அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குறுகுவது, கடலடிச் சரிவுகளில் மோதி ஒடுங்குவது என வேறு வழிகளும் உண்டு. அலை சிறிதாகச் சிறிதாக, அடுத்தடுத்த நீர்மட்டங்களுக்கு இடையே வேக வேறுபாடு கூடுகிறது. அடுக்கின் நிலைப்புத் தன்மைக்கும் இந்த வேக வேறுபாட்டிற்கும் உள்ள விகிதத்தை ரிச்சர்ட்சன் எண் என்பார்கள். அது எங்கும் கால் பங்குக்குக் கீழே போகாதவரை அடுக்கு குலையாது என்று மைல்ஸும் ஹவர்டும் 1961-இல் நிறுவினார்கள். அதற்குக் கீழே போனால் அலை சுருண்டு உடையலாம், கொந்தளிப்பு பிறக்கும், அப்போதுதான் பாகுநிலைக்கு வேலை வரும்.

உடையும் அந்தக் கணத்தில் ஆற்றல் இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான் பாடநூல் விட்டுவிட்டது. பெரும்பகுதி வெப்பமாகிறது. ஒரு சிறு பகுதி, கனமான கீழ்நீரையும் இலேசான மேல்நீரையும் ஒன்றாகக் கலந்து, நீர்த்தொகுதியின் ஈர்ப்பு மையத்தை நிரந்தரமாக உயர்த்துகிறது. எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஒரு தொட்டியில் கீழே 10 சென்டிமீட்டர் உப்புநீர், கன மீட்டருக்கு 1,020 கிலோகிராம்; மேலே 10 சென்டிமீட்டர் நன்னீர், 1,000 கிலோகிராம். ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்புக்குக் கீழே 102 கிலோகிராம் 5 சென்டிமீட்டர் உயரத்திலும், மேலே 100 கிலோகிராம் 15 சென்டிமீட்டர் உயரத்திலும் மையம் கொண்டிருக்கின்றன. முழுவதும் கலந்த பிறகு 202 கிலோகிராமும் 10 சென்டிமீட்டரில் மையம் கொள்கிறது. நிலை ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல் கூடியிருக்கிறது. இந்த 1 ஜூலை அலை இனி ஒருபோதும் திரும்பப் பெற முடியாது.

ஆகவே நிலை ஆற்றலை ஒரே பேரேட்டில் எழுதக்கூடாது. அலை ஓய்ந்தால் இயக்கமாகத் திரும்பி வரக்கூடிய பகுதி ஒன்று. எல்லாத் துளிகளையும் அடர்த்தி வரிசைப்படி அமைதியாக அடுக்கிவைத்த பிறகும் எஞ்சி நிற்கும் பகுதி மற்றொன்று. லோரன்ஸ் 1955-இல் வளிமண்டலத்திற்காக இந்தப் பிரிவினையை வகுத்தார். அலையின் ஊசலாட்டம் முதல் பகுதிக்கும் இயக்க ஆற்றலுக்கும் இடையே கொடுக்கல் வாங்கலாக நடக்கிறது. இரண்டாம் பகுதிக்குள் கதவு ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். அதன் சாவி மூலக்கூறு விரவலிடம், அதாவது மூலக்கூறுகள் தாமே பரவிக் கலப்பதிடம், இருக்கிறது. தன் தொட்டிச் சோதனையில் அலை ஆற்றலின் வரவும் செலவும் நேராகவில்லை என்று எழுதியிருந்த இன்னொரு வாசகரும் இதைப் பார்க்க வேண்டும்; நிலை ஆற்றல் முழுவதையும் ‘அலை ஆற்றல்’ என்று எழுதியதால், கலந்த நீரின் உயர்வும் அலையின் வரவாகப் பதிவாகிவிட்டது.

எத்தனை பங்கு கலப்புக்குப் போகிறது? ஆஸ்போர்ன் 1980-இல் முன்வைத்த அளவே இன்றும் கடலியலில் பெரிதும் கையாளப்படுகிறது: வெப்பமாவதில் ஐந்தில் ஒரு பங்குவரை, அதாவது மொத்த இழப்பில் ஆறில் ஒரு பங்குவரை. அது மாறிலி அன்று. கொந்தளிப்பின் வலிமையையும் அடுக்கின் உறுதியையும் பொறுத்து மாறக்கூடியது. அப்படியானால் நம் தொட்டியைக் கலக்கக் குறைந்தது 6 ஜூல் செலவிட வேண்டும்.

பெரும்பகுதி வெப்பமாகிறது என்பதால் கடல் சூடாகுமா என்றும் கேட்கலாம். அலைகள் அமைதியாக உள்ள நடுக்கடலில், ஒரு கிலோகிராம் நீரில் ஒரு வாட்டில் 100 கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் ஆற்றல் வெப்பமாகிறது என்று கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 0.03 ஜூல், நீரின் வெப்பநிலை ஒரு பாகையில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஐந்து பங்கு வெப்பம் கடலில் எந்தத் தடயமும் வைப்பதில்லை. ஒரு பங்கு கலப்போ ஆழ்கடலின் அடுக்கமைப்பையே தீர்மானிக்கிறது.

கேள்வி: அப்படியானால் உலகக் கடல்கள் அனைத்திற்கும் சேர்த்து இந்த வரவு செலவு எவ்வளவு? இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரிய வரவு நிலவிடமிருந்தும் காற்றிடமிருந்தும் வருகிறது. நிலவும் சூரியனும் ஓதங்களின் வழியே புவியில் செலவிடும் ஆற்றல் நொடிக்கு ஏறக்குறைய 3.7 லட்சம் கோடி ஜூல், அதாவது 3.7 டெராவாட். அதில் மிகப் பெரும்பகுதி நிலவின் கணக்கு. அதன் விளைவாக நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போகிறது. லேசர் ஒளியை நிலவுக்கு அனுப்பித் திரும்பப் பெற்று அளந்த அளவு இது.

இந்த ஆற்றல் முழுவதும் ஆழம் குறைந்த கரையோரக் கடல்களின் அடித்தள உராய்வில் தீர்ந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். டோபெக்ஸ்–பொசைடன் செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளந்து தந்த பிறகு, எக்பர்ட்டும் ரேயும் 2000-ஆம் ஆண்டில் அந்தத் தரவுகளைக் கொண்டு, ஏறக்குறைய 1 டெராவாட் ஆழ்கடலில், அதுவும் கடலடி மலைத்தொடர்களின் மேல், செலவாவதைக் காட்டினார்கள். ஓத நீரோட்டம் அந்த மலைத்தொடர்களைக் கடக்கும்போது அடுக்கமைந்த நீர் மேலும் கீழும் தள்ளப்பட்டு, ஓத அதிர்வெண்ணிலேயே உள்ளலைகள் கிளம்புகின்றன. ஹவாய்த் தொடரிலிருந்து கிளம்பும் அலைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்ற பிறகும், கடலின் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் புடைப்பாகச் செயற்கைக்கோளுக்குத் தெரிகின்றன. உள்ளே பத்துக்கணக்கான மீட்டர் ஆடும் அலை, மேலே விரல் நீளம்கூடக் காட்டுவதில்லை.

இனி இருப்பு. காரட்டும் மங்கும் 1972-இல் வகுத்துப் பின்னர்த் திருத்திய நிறமாலை (எந்த அதிர்வெண்ணில், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியல்), திறந்த கடல்களில் உள்ளலைகளின் ஆற்றல் வியக்கத்தக்க அளவு ஒரே சீராக இருப்பதைக் காட்டியது. ஒரு சதுர மீட்டர் கடலுக்கு ஏறக்குறைய 4,000 ஜூல். கடல்களின் பரப்பு 36 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கி, 1 டெராவாட் செலவால் வகுத்தால், வரவு நின்றுபோனால் இருப்பு ஏறக்குறைய 17 நாட்களில் தீரும் என்று வருகிறது. செலவு 2 டெராவாட் என்றால் அதில் பாதி நாட்கள். கடலின் உள்ளலைகள் பழைய சேமிப்பில் வாழ்பவை அல்ல. அன்றாடம் வந்து அன்றாடம் செலவாகும் வருவாயில் வாழ்பவை.

இந்தச் செலவு எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான் மங்க் 1966-இல் கேட்டார். துருவப் பகுதிகளில் குளிர்ந்து கனத்த நீர் இடைவிடாமல் அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கலப்பு ஒன்றும் நடக்காவிட்டால், நாளடைவில் ஆழ்கடல் முழுவதும் அசையாத குளிர்நீரால் நிரம்பிவிடும். அடுக்கு இன்றுள்ளபடி நிலைக்கத் தேவையான விரவல் கெழுவை (கலப்பின் வேகத்தைக் குறிக்கும் எண்ணை) அவர் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டார். 1998-இல் அவரும் உன்ஷும் சேர்ந்து, அதற்கு ஏறக்குறைய 2 டெராவாட் வேண்டும் என்றும், ஓதமும் காற்றும் அதை ஏறத்தாழச் சரிபாதியாகத் தருகின்றன என்றும் எழுதினார்கள்.

ஆனால் நடுக்கடலில் அளந்தவர்கள் அந்த எண்ணைக் காணவில்லை. லெட்வெல்லும் உடன் உழைத்தவர்களும் அட்லாண்டிக் கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு தடயப் பொருளைக் கலந்துவிட்டு, அது பரவும் வேகத்தை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து 1993-இல் வெளியிட்ட அளவு, மங்கின் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. நான்கு ஆண்டுகள் கழித்து, பிரேசிலுக்குக் கிழக்கேயுள்ள ஆழ்கடல் படுகையில், கரடுமுரடான கடலடித் தொடரின் மேலே கலப்பு பல மடங்கு ஓங்கியிருப்பதையும், மட்டமான தரையின் மேலே அது மிகக் குறைவாக இருப்பதையும் போல்சினும் மற்றவர்களும் அளந்து காட்டினார்கள். அலை பிறக்கும் இடமும் உடையும் இடமும்தான் கணக்கைத் தூக்கி நிறுத்துகின்றன. நடுக்கடலின் சராசரி அன்று. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அடித்தளத்தை நெருங்க நெருங்கக் கலப்பு வலுக்கிறது என்றால், சரிவுக்குச் சற்று மேலுள்ள நீர் கீழிருந்து பெறும் கனத்த நீர் மேலே இழப்பதைவிட மிகுதி. ஆகவே அது இலேசாகாமல் கனக்கிறது, ஏறாமல் இறங்குகிறது. நீர் உண்மையில் ஏறுவது சரிவை ஒட்டிய மிக மெல்லிய படலத்தில்தான் என்ற கருத்து 2016 முதல் வலுப்பெற்று வருகிறது. தென்முனைக் கடலில் காற்றே ஆழ்நீரின் பெரும்பகுதியை மேலே இழுத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மங்க் அன்று எல்லாவற்றையும் கலப்பின் தலையில் ஏற்றியது மிகை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் ஆற்றலை முன்வைத்துக் கேட்ட அவருடைய கேள்வி சரியானது.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஒரு கருவித் தொடரின் பதிவுகளிலிருந்து உள்ளலைகளின் ஆற்றல் பாய்வைக் கணக்கிட்டேன். கடலின் மேற்பகுதியில் கரையை நோக்கியும், அடிப்பகுதியில் எதிர்த்திசையிலும் மிகப் பெரிய எண்கள் வருகின்றன. எங்கே தவறினேன்?

பதில்: அழுத்த மாற்றத்தை வெப்பநிலை, உவர்ப்புப் பதிவுகளிலிருந்து கண்டிருப்பீர்கள், அடர்த்தி மாற்றத்தை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். அப்படிக் கூட்டும்போது மேற்பரப்பில் அழுத்த மாற்றம் பூச்சியம் என்று உங்களை அறியாமலே கொண்டுவிடுகிறீர்கள். அது பூச்சியம் அன்று. மேலே சொன்ன சில சென்டிமீட்டர் புடைப்பு அங்கே இருக்கிறது. அது உங்கள் கருவிகளில் பதிவாகாது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தட்டையான அடித்தளம் கொண்ட கடலில், உள்ளலையின் அழுத்த மாற்றத்தை மேற்பரப்பிலிருந்து அடித்தளம்வரை சராசரி எடுத்தால் ஒவ்வொரு கணத்திலும் பூச்சியம் வர வேண்டும். எனவே நீங்கள் கண்ட அழுத்தத்திலிருந்து அதன் ஆழச் சராசரியைக் கழித்துவிடுங்கள். திசைவேகத்திலிருந்தும் ஆழச் சராசரியைக் கழிக்க வேண்டும். அந்தச் சராசரி சாதாரண ஓதத்திற்கு உரியது. பிறகு இரண்டையும் பெருக்கி, முழு எண்ணிக்கையிலான அலைக்காலங்களுக்குச் சராசரி காணுங்கள். அரைகுறை அலைக்காலம் ஒன்று சேர்ந்தாலும் எண் சாய்ந்துவிடும். கருவித் தொடரில் அடித்தளம்வரை பதிவு இல்லாவிட்டால், முதல் இரண்டு மூன்று செங்குத்து வடிவங்களை (ஆழத்தோடு அலை மாறும் அடிப்படை வடிவங்களை) பொருத்தி இடைவெளியை நிரப்பிய பிறகே சராசரியை எடுங்கள். மேலும் கீழும் எதிரெதிராக வந்த உங்கள் பெரிய எண்களில் பெரும்பகுதி அந்த முதல் கழித்தலிலேயே மறைந்துவிடும்.